முதல்ல கீமோ, அப்புறம்தான் கத்தி

கொஞ்சம் நீளமான இழை. வீட்டுல அறுபது தாண்டினவர், அதுவும் சிகரெட் பிடிச்சவர் யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிச்சுடுங்க.

போன வாரம் மயிலாப்பூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவருக்கு 66 வயசு. கையில பயாப்சி ரிப்போர்ட்: சிறுநீர்ப்பையில புற்றுநோய், தசைக்குள்ள இறங்கிடுச்சு. ஒரு ஆஸ்பத்திரியில அடுத்த வெள்ளிக்கிழமை பையை எடுக்கத் தேதி குடுத்தாச்சு. என்கிட்ட வந்தது இன்னொரு கருத்து கேட்கக் கூட இல்ல. சுகர் கட்டுப்பாட்டுல இருக்கா, மயக்க மருந்து தாங்குவாரான்னு பொது மருத்துவர் கையெழுத்து வேணும், அவ்வளவுதான்.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோ குடுக்கிறதைப் பத்தி யாராவது பேசினாங்களா?"

மகன் முகம் மாறிடுச்சு. "கீமோவா? அது கடைசி ஸ்டேஜுக்குத்தானே டாக்டர்? மூணு மாசம் கட்டியை உள்ளயே வச்சுக்கிட்டு எப்படி இருக்கிறது? வெட்டி எடுத்துட்டா நிம்மதி."

சரி, மூணு மாசம் தாமதம். முதல் தடவை சிறுநீர் சிவப்பாப் போனது எப்போன்னு கேட்டேன். சித்திரையில. "வெயில் சூடுன்னு நினைச்சோம் சார்." இளநீர், வெந்தயம், பார்லித் தண்ணி. நின்னுடுச்சு. ஆடியில திரும்ப வந்தது. நீர்க்கடுப்புன்னு ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ். அதுவும் நின்னுடுச்சு. கார்த்திகையிலதான் ஸ்கேன். (வலியில்லாம ரத்தம் வரும், தானா நிக்கும். இந்த நோயோட குணமே அதுதான். நின்னதை குணமாயிடுச்சுன்னு எடுத்துக்காதீங்க.) ஏழு மாசம் இளநீருக்குக் குடுத்தாச்சு. சிஸ்பிளாட்டினுக்கு பன்னெண்டு வாரம் குடுக்க மனசு வரல!

ஆனா இந்தக் குடும்பத்து மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்கு யாரும் சொல்லல. நான் சண்டை போடுறது சொல்ல வேண்டியவங்களோட.

விஷயம் இதுதான். கட்டி உள்தோல் அளவுல இருந்தா சுரண்டி எடுத்து, தேவைப்பட்டா பிசிஜி மருந்து விடுவாங்க. அந்தக் கதை வேற. தசைக்குள்ள இறங்கிடுச்சுன்னா, பையை மட்டும் எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நோய் பின்னாடி நுரையீரல்லயோ எலும்புலயோ கல்லீரல்லயோ தலை தூக்குது. ஏன்னா ஆபரேஷன் அன்னைக்கே கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத விதைகள் வெளியே போயிருக்கு. எவ்வளவு பெரிய சர்ஜனா இருந்தாலும் கத்தி அந்த விதையைத் தொடாது. ரத்தத்துல போற மருந்துதான் தொடும். அதுவும் விதை சின்னதா இருக்கும்போது.

இது என் சொந்தக் கருத்து இல்ல. அமெரிக்காவுல 1987ல ஆரம்பிச்சு 317 பேரை வச்சு ஒரு ஆய்வு நடத்தி 2003ல வெளியிட்டாங்க. எடுத்த பையை மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ, முதல்ல கீமோ எடுத்தவங்கள்ல 38 சதவீதம் பேருக்குக் கட்டியே மிச்சம் இல்ல. நேரா ஆபரேஷனுக்குப் போனவங்கள்ல அது 15. அப்புறம் 2005ல 11 ஆய்வுகள், 3005 நோயாளிகள், எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருக்கிறவங்க நூத்துக்கு 45ல இருந்து 50 ஆச்சு.

"அஞ்சு பேர்தானே"ன்னு ஒரு சீனியர் என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னார். சார், அதே பெரியவருக்கு பிபி மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் இதைவிடச் சின்ன லாபத்துக்குத்தான் வாழ்நாள் முழுக்க எழுதிக் குடுக்கிறோம். அங்க வராத சிரிப்பு இங்க மட்டும் எங்கேயிருந்து வருது?

"அப்போ ஆபரேஷன் முடிஞ்சு கீமோ குடுத்துக்கலாமே?" நியாயமான கேள்வி. பையை எடுக்கிறது சாதாரண ஆபரேஷன் இல்ல. குடல்ல ஒரு துண்டை எடுத்து சிறுநீருக்கு வழி பண்ணி, பல பேருக்கு வயித்துல ஒரு பை மாட்டி அனுப்புறோம். அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கவே வாரங்கள் ஆகும். இன்ஃபெக்ஷன் வரும், கிட்னி இறங்கும். சிஸ்பிளாட்டினுக்கு நல்ல கிட்னி வேணும். அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போட்டதுல எத்தனையோ பேருக்கு அந்த அப்புறம் வரவே இல்ல. உடம்புல தெம்பு இருக்கிறது முன்னாடிதான்.

எல்லாருக்கும் பொருந்துமா? இல்ல. கிட்னி வடிகட்டுற அளவு நிமிஷத்துக்கு 50, 60 மில்லிக்குக் கீழ இருந்தா, காது ரொம்ப மந்தமா இருந்தா, இதயம் பலவீனமா இருந்தா சிஸ்பிளாட்டின் ஆபத்து. அப்போ நேரா ஆபரேஷன்தான் சரி. "அதுக்குப் பதிலா கார்போபிளாட்டின் போடுறோம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி அது அதே வேலையைச் செய்யும்னு ஆதாரம் இல்ல. ஆனா கிரியேட்டினின் ஏறினதே கட்டி அடைச்சதாலன்னா, முதுகு வழியா டியூப் போட்டு அடைப்பை எடுத்தா பல பேருக்கு இறங்கிடும். அதைப் பார்க்காமலே "கிட்னி சரியில்ல, கீமோ முடியாது"ன்னு ஃபைலை மூடுறது சோம்பேறித்தனம்.

கீமோவுல வாந்தி உண்டு, முடி கொட்டும், ரத்த அணுக்கள் குறையும், காய்ச்சல் வந்தா ராத்திரின்னு பார்க்காம ஓடணும். சில பேருக்குக் கட்டி அசையாது, அவங்களுக்கு அந்த வாரங்கள் வீண். அதனாலதான் நடுவுல ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். மறைக்க ஒண்ணும் இல்ல.

இந்த யோசனை நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில 1954ல ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ல, மயிலாப்பூர்ல பிறந்த டாக்டர் சாந்தாவும் அவங்க குழுவும் முற்றின மார்பகப் புற்றுநோய்க்கு கீமோவும் ரேடியேஷனும் முதல்ல குடுத்து, அப்புறம் ஆபரேஷன் பண்ணினாங்க. 1990களில் அப்படி சிகிச்சை எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோட கணக்கை 2008ல வெளியிட்டாங்க. மத்திய கைலாஷ்ல இறங்கி நடக்கிற தூரத்துல இந்தப் பாடம் இருக்கு. தி. நகர்ல சில கன்சல்டிங் ரூம் வரைக்கும் மட்டும் அது இன்னும் வந்து சேரல.

காசா? சிஸ்பிளாட்டின் 1978ல இருந்து புழக்கத்துல இருக்கிற பழைய, மலிவான மருந்து. இதோட இம்யூனோதெரபி சேர்த்தா இன்னும் நல்லதுன்னு 2024ல ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கு, அதுக்குத்தான் லட்சங்கள். அது முடியலைன்னா பழைய கீமோவையும் விடணும்னு அர்த்தம் இல்ல. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில புற்றுநோய்ப் பிரிவு இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கீமோ வருது.

யூராலஜிஸ்ட் நண்பர்களே, உங்க கைத்திறமையை நான் கேள்வி கேட்கல. தேதி குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புங்க. ஒரு லெட்டர், ஒரு ஃபோன்.

படிக்கிற உங்களுக்கு: ரிப்போர்ட்ல தசைன்னு வார்த்தை இருக்கான்னு பாருங்க. தசைத் துண்டே சாம்பிள்ல வரலைன்னு எழுதியிருந்தா இன்னொரு தடவை சுரண்டிப் பார்க்கணும். இறங்கியிருக்குன்னு இருந்தா, "கீமோ முதல்ல குடுக்கலாமா, வேண்டாம்னா ஏன்?"னு கேளுங்க. வேண்டாம்னு சொல்லலாம், காரணம் சொல்லணும்.

மயிலாப்பூர் பெரியவருக்கு கிரியேட்டினின் 1.1, காது நல்லாக் கேட்குது. திங்கட்கிழமை முதல் சைக்கிள் ஏறுச்சு. மருமகன் இன்னும் என் மேல கோபமாத்தான் இருக்கார். வெள்ளிக்கிழமை தேதியை நாங்க விட்டது பெரிய தப்பாம்.