எதை ஒத்திருக்கிறது, எதைக் கற்பிக்கிறது

2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை, மெய்நிகர் தொழில்நுட்பத்தில் இயங்கும் ஒரு பயிற்சிக் கருவிக்கு முதன்முறையாகத் தகுதிச் சான்று அளித்தது. ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்காக ஒரு சுவிஸ் நிறுவனம் உருவாக்கியது அது. குவிமாடத் திரையும் புரொஜெக்டர்களும் பார்த்த வேலையைத் தலையில் மாட்டும் ஹெட்செட் ஏற்றுக்கொண்டது. நம் துறையில் பலர் இதை விலைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். விலை முக்கியம்தான். சிறு ஹெலிகாப்டருக்கு மிக உயர்ந்த தரமான லெவல் டியில் சிமுலேட்டர் அமைத்தால், ஹெலிகாப்டரையே விஞ்சும் செலவாகும். அதனால்தான் எஞ்சின் நின்றபின் இறங்கும் ஆட்டோரொட்டேஷனை மாணவர்கள் நிஜ ஆபத்தோடு வானில் பழக வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சான்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: அச்சு அசலாக இருந்தால் பயிற்சியும் நன்றாகத்தான் இருக்கும் என்ற நமது நெடுநாள் நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

அசைய வேண்டிய நம்பிக்கைதான் அது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். துணை விமானி ரட்டரை மிதமிஞ்சி மிதித்ததில் வால் துடுப்பு முறிந்தது. அந்நிறுவனத்தின் பயிற்சித் திட்டக் கூறுகளும் இதற்குத் துணைக் காரணம் என்று விசாரணை வாரியம் எழுதியது. அந்தப் பயிற்சியின் சிமுலேட்டரில், முன்னே செல்லும் விமானத்தின் காற்றுச்சுழல் நிஜத்தைவிட மிகக் கடுமையாகக் காட்டப்பட்டிருந்தது. 2019இல் போயிங்கும், 737 மேக்ஸ் சிமுலேட்டர் மென்பொருளால் சில பறப்பு நிலைகளை உருவாக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. இவை மலிவான கருவிகள் அல்ல. மறுபுறம், 1934இல் அஞ்சல் விமான விபத்துகளுக்குப் பின் அமெரிக்க ராணுவம் வாங்கிய லிங்க் டிரெய்னர், ஆர்கன் துருத்திகளால் அசைந்த ஒரு பெட்டி. எந்த விமானத்தையும் அது துல்லியமாக ஒத்திருக்கவில்லை. ஆயினும் மேகத்துக்குள் மீட்டர்களை நம்பிப் பறக்க ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது.

ஹெட்செட் தலைசுற்ற வைக்கிறது, பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தை மறைக்கிறது என்கிறார்கள் அனுபவமிக்க பயிற்றுநர்கள். நியாயமான கவலை. இரு விமானிகள் கண்ணால் பேசி முடிவெடுக்கும் பயிற்சிக்கு இன்றைய ஹெட்செட்டை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் தரையின் உயரத்தைக் கண்ணால் கணித்து ஹோவர் செய்யும் பயிற்சியில், ஆழம் காட்டும் ஹெட்செட் தட்டைத் திரையை முந்துகிறது. பணியை முதலில் வரையறுத்து, கருவியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கும் வழியை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் ஆவணம் 9625இன் மூன்றாம் பதிப்பு 2009லேயே வகுத்துத் தந்துவிட்டது. நாம்தான் பழைய தரவரிசையை விடவில்லை.

இத்தகைய கருவிகளை உருவாக்கும் புதிய நிறுவனங்களுக்கும், எதைக் கற்பிக்கிறது என்ற இதே உரைகல்தான். கருவிக்குள் மாணவர் பெற்ற மதிப்பெண்ணை விற்பனைத் தாளில் அச்சிடுவது சான்றாகாது. அவர் கருவியில் தேறினார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதே மாணவரின் முதல் நிஜத் தரையிறக்கங்களின் பறப்புப் பதிவு வேண்டும், வேறு கருவியில் பழகியவரின் பதிவோடு ஒப்பிட்டு. இது காலம் பிடிக்கும், முதலீட்டாளர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பார்கள். ஆனால் பறப்புத் தரவைத் திரட்டிப் பகுத்தாய்வது பெரிய விமான நிறுவனங்களில் ஏற்கெனவே அன்றாட வேலை. அதைப் பயிற்சித் துறையின் மேசைக்குக் கொண்டுவர வேண்டியது நிர்வாகத்தின் ஓர் உத்தரவுதான்.