பழைய வேகக் கார்களும் "ஃபுல் சேர்விஸ்" என்னும் சடங்கும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இந்த ஐந்தாண்டு காலம் இலங்கையருக்குப் புகட்டிய பாடம், கையிலுள்ள வாகனத்தைப் பேணிக் காத்துக்கொள் என்பதே. அப்பாடத்தின் முதற்பாதியை நாம் செவ்வனே கற்றோம். அதாவது, பணத்தைச் செலவிடக் கற்றோம். எதற்குச் செலவிடுவது என்னும் மறுபாதியை இன்னமும் கற்றபாடில்லை.

சாதாரண காரொன்றில் இந்த அறியாமை பணத்தோடு போய்விடும். மிற்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்பிறெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்ற வேகக் கார்களில் அது எஞ்சினோடும், சிலவேளை உயிரோடும் போகும். 1992இல் அறிமுகமான இவ்விரு கார்களும் ரலிப் பந்தயங்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. இரண்டு லீற்றர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை, பிந்திய எவலூஷன்களில் 280 குதிரைவலு. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இவற்றை ஆசையோடு வாங்கி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர். அவர்களுக்கே இதனை எழுதுகிறேன். கசக்கலாம், பொறுத்துக்கொள்ளட்டும்.

கராஜுக்குப் போனால் "ஃபுல் சேர்விஸ்" என்கிறார்கள். ஒயில் மாற்றம் உண்டு. அதிற் குறைகாண மாட்டேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழல்வது மெல்லிய ஒயில் படலமொன்றின் மீதுதான். நல்ல ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது இவ்வகை எஞ்சினுக்கு ஆடம்பரமன்று. ஆனால் அதனோடு ஒட்டிக்கொண்டு வருபவை எவை? எஞ்சினின் உள்ளே கழுவுவதற்கு ஒரு போத்தல், ஒயிலோடு கலப்பதற்கு ஒரு போத்தல், பெற்றோலோடு கலப்பதற்கு இன்னொரு போத்தல். போதாக்குறைக்கு எஞ்சின் மீது அழுத்தத்தோடு தண்ணீரைப் பீச்சியடித்து, மின்னிணைப்புகளுக்குள் ஈரத்தைப் புகுத்தி, பளபளப்பாக்கித் தருகிறார்கள். உரிமையாளரும் திருப்தியோடு பணத்தைக் கொடுத்து, மிச்சக் காசுக்கு டர்போ சீறும் ஓசையை எழுப்பும் வால்வொன்றைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்தக் காரின் பிரேக் திரவம் கடைசியாக எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராது.

ஊசி போகிற இடத்தைப் பார்ப்பவன் உலக்கை போகிற இடத்தைப் பாரான் என்பது இதைத்தான்.

எந்தப் பராமரிப்பு அவசியம் என்பதைத் தீர்மானிக்கப் பொறியியற் பட்டம் தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும். இது பழுதானால் எவருக்கு என்ன ஆகும்? பழுதாகுமுன் எச்சரிக்கை தருமா? இது தேய்வது ஓட்டத்தாலா, வயதாலா? எச்சரிக்கையின்றிக் கெட்டு, உயிரையோ எஞ்சினையோ பறிக்கக்கூடிய, வயதினால் நலியும் பாகங்களே முதற் செலவுக்கு உரியவை. ஏனையவை யாவும் அதன் பின்னர்தான்.

பிரேக் திரவத்தை எடுத்துக்கொள்வோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. "டொட் 4" வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது நியமம். 3.7 வீதம் நீர் சேர்ந்த பின்னர் அதே நியமம் 155 பாகையோடு திருப்தியடைந்துவிடுகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகின்ற நீண்ட இறக்கத்தில், பழைய திரவத்திலுள்ள நீர் ஆவியாகுமானால் பிரேக் மிதி அடிவரை இறங்கும், கார் நில்லாது. அதற்கு முதல்நாள் வரை ஓட்டுநருக்கு எதுவும் தெரிந்திருக்காது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இதனை மாற்றுவதற்கு ஆகும் செலவு, மேற்சொன்ன போத்தல்களின் செலவை விஞ்சப் போவதில்லை.

அடுத்தது டைமிங் பெல்ட். ஒன்பதாவது எவலூஷன் வரை பயன்பட்ட 4ஜி63 எஞ்சினில் ஒன்றல்ல, இரண்டு பெல்ட்டுகள் உள்ளன. அதிர்வைத் தணிக்கும் தண்டினைச் சுழற்றும் சிறிய பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால், பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி எஞ்சின் நொறுங்கும். இம்பிறெசாவிலோ தண்ணீர்ப் பம்பியும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பம்பியோ உருளையொன்றோ இறுகிப் போனால் நேற்றுப் போட்ட புதுப் பெல்ட்டும் தப்பாது. ஆகவே பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு உருளைகளையும் இழுவைச் சாதனத்தையும் பழையபடி விட்டுவிடுவது சிக்கனமன்று, சூதாட்டம்.

"என் கார் ஆண்டுக்கு 2,000 கிலோமீற்றர்தான் ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்பவர்கள் உண்டு. 4ஜி63 பூட்டிய எவலூஷன்களின் உற்பத்தி 2007இல் நின்றுவிட்டது. அவற்றுள் மிக இளையதும் இன்று இருபது வயதை எட்டிப் பிடிக்கிறது. இறப்பருக்கு நாட்காட்டிதான் கணக்கு. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் வாரக்கணக்கில் அசையாமல் நின்ற காரின் குழாய்களும் டயர்களும் அந்த வாரங்களிலும் முதுமையடைந்தே வந்தன. போதாதற்கு, இறக்குமதியான பழைய காரின் ஓடுதூரமானி எவருடைய கையும் படாதது என்பதற்கு உத்தரவாதம் ஏது?

டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். "டொட்" எழுத்துகளைத் தொடரும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள் 2314 என்றிருந்தால், அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயருக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. 280 குதிரைவலுவும் வீதியைத் தொடுவது உள்ளங்கை அளவான நான்கு இடங்களில் மாத்திரமே.

"தயாரிப்பாளரின் கையேட்டை அப்படியே பின்பற்றினால் போதாதா?" என்பது நியாயமான கேள்வி. கையேட்டைத் திறந்தாவது பார்ப்பவரை நான் மதிக்கிறேன். ஆயின் கிலோமீற்றர்களுக்குப் பக்கத்தில் மாதங்களையும் குறிப்பிட்டு, எது முந்துகிறதோ அதன்படி செய்க என்று அதே கையேடுதான் சொல்கிறது. நமக்குச் சௌகரியமான பாதியை மட்டும் வாசிக்கிறோம்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யப்படும் புகைப் பரிசோதனை, பிரேக் திரவத்தின் வயதை விசாரிப்பதில்லை. பிரித்தானியாவின் வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனையில் சித்தியடைந்த காரின் டைமிங் பெல்ட் மறுநாளே அறுந்தாலும், பெல்ட் அப்பரிசோதனைக்குள் அடங்காதது.

வேகமாக ஓடும் காரை வைத்திருப்பது குற்றமன்று; அதன் மீதான காதலும் குற்றமன்று. ஆனால் அந்தக் கார் ஓடுவது பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வீதியில். அவர்கள் உங்கள் எஞ்சினின் பளபளப்பைப் பார்க்கப் போவதில்லை. கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதுதான் அவர்களுக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள ஒரே உறவு. பணம் குறைவாயின், போத்தல்களை விடுங்கள், சீறும் வால்வை விடுங்கள், கழுவலை விடுங்கள். அதற்கும் வழியில்லை என்போர் சாவியைக் கழற்றி வைத்துவிட்டு பஸ்ஸில் போகட்டும்.