பழசும் பளபளக்கும்!

வீட்டுக்கு வீடு பரண் உண்டு. பரண் மேல் என்ன இருக்கிறது?

தாத்தா படத்துக்குப் போட்ட மரச் சட்டம் இருக்கிறது. துருப்பிடித்த பூந்தொட்டித் தாங்கி இருக்கிறது. கிரீடத்தில் பொன் நிறம் போன கொலுப் பொம்மைகள் இருக்கின்றன.

போகி வந்தால் இவற்றை எல்லாம் கீழே இறக்குகிறோம். இரும்பு, பழைய சாமான் கடைக்குப் போகிறது. மரம் தீயில் போகிறது.

2018-ம் ஆண்டு போகி அன்று சென்னையில் என்ன நடந்தது? பனியோடு புகையும் சேர்ந்து கொண்டது. பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஆகாய விமானத்துக்கே அந்தக் கதி என்றால், தெருவில் நின்ற குழந்தைகளின் மூச்சு என்ன பாடு பட்டிருக்கும்!

நாம் தூக்கி எறியும் சாமான்களில் பாதி உடைந்தவை அல்ல, நிறம் மங்கியவைதான். உடைந்ததை எறியலாம். மங்கியதை ஏன் எறிய வேண்டும்?

மெழுகில் கலந்த பொன் நிறம்

மங்கிய பொருளுக்கு மெருகு ஏற்ற ஒரு பசை இருக்கிறது. உலோக மெழுகுப் பசை என்று அதைச் சொல்லலாம். ஓவியச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சிறிய ட்யூபிலும் டப்பியிலும் வரும். பொன் நிறம், வெள்ளி நிறம், செம்பு நிறம் என்று பல நிறங்கள் உண்டு.

அதில் இருப்பது என்ன? மெழுகு. அதை இளக்க டர்பன்டைன் போன்ற எண்ணெய். நிறத்துக்கு மிக நுண்ணிய பொடி. பொன் நிறத்துக்குப் பித்தளைப் பொடி போடுவார்கள். வெள்ளி நிறத்துக்கு அலுமினியப் பொடி. சிலவற்றில் காக்காய்ப் பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகப் பொடி இருக்கும்.

பித்தளைப் பொடி நாளாவட்டத்தில் கறுக்கும். அப்பிரகப் பொடி கறுக்காது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

எப்படிப் பூசுவது?

முதலில் தூசி போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. இரும்பானால் துருவைத் தேய்த்து எடுத்து, துரு பிடிக்காத பெயிண்ட் ஒரு கை பூசி, உலர விடுங்கள்.

அடியில் கறுப்போ காவியோ இருந்தால் பொன் நிறம் எடுப்பாகத் தெரியும்.

பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக் கொள்ளுங்கள். பட்டாணி அளவு பசை போதும். அதிகம் எடுத்தால் திட்டுத் திட்டாக ஒட்டும். மேடான இடங்களில் மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். பள்ளமான இடங்கள் இருட்டாகவே இருக்கட்டும். அப்போதுதான் பூ வேலை, கொடி வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ட்யூபில் எழுதியிருக்கும் நேரம் வரை உலர விடுங்கள். பிறகு சுத்தமான துணியால் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும்!

கொலுப் பொம்மைக்கு இது ஏற்றது. ஆனால் காகிதக் கூழ் பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், ஊறிப் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். நிறம் உதிர்கிற இடத்தில் முதலில் வார்னிஷ் பூசி உலர விடுங்கள். கிரீடம், நகை, புடவைக் கரை ஆகிய இடங்களில் மட்டும் பசையைத் தடவுங்கள். முகத்தில் தடவினால் பொம்மையின் களை போய்விடும்.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பசையில் உள்ள எண்ணெய் தீப்பிடிக்கக் கூடியது. அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; வெளியே விரித்து உலர்த்துங்கள்.

எதற்குப் பூசக் கூடாது?

இதுதான் முக்கியம்.

சாப்பிடும் பாத்திரத்துக்கு இதைப் பூசவே கூடாது. தம்ளர், தட்டு, பழம் வைக்கும் கிண்ணம் எதற்கும் கூடாது. பித்தளைப் பொடியில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. புளியும் மோரும் பட்டால் அவை உணவில் இறங்கும். வாந்தியும் வயிற்று வலியும் வரும்.

அதனால்தான் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசுகிறார்கள். அது வேறு வேலை. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டுத் துடைத்து, வெள்ளீயத்தை உருக்கிப் பூசுவது அது. ட்யூபில் வரும் மெழுகு அதற்கு ஈடாகாது. ஈயம் தேய்ந்த பாத்திரத்தை ஈயம் பூசுகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

குழந்தை வாயில் வைக்கும் கிலுகிலுப்பை, சொப்புச் சாமான், தொட்டில் கம்பி இவற்றுக்கும் கூடாது.

திரி எரிகிற குத்துவிளக்குக்கு வேண்டாம். சூட்டில் மெழுகு உருகும். வெயிலிலும் மழையிலும் நிற்கிற வாசல் கேட்டுக்கும் வேண்டாம். நிலைக்காது.

பரம்பரையாக வந்த ஐம்பொன் விக்கிரகத்தையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் தொடாதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் இருப்பது தங்க ரேக்கு. அதன் மேல் பித்தளைப் பொடி தடவலாமா?

பழைய பெயிண்ட் ஜாக்கிரதை!

பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது.

அதற்கு முன்னே பூசிய சட்டத்தை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் தூள் பறக்கும். குழந்தைகள் அதைச் சுவாசிப்பார்கள். ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பெயிண்ட் உதிராமல் இருந்தால் அதன் மேலேயே பசையைத் தடவலாம். உதிர்ந்து கொண்டிருந்தால் அந்தச் சட்டத்தைக் குழந்தைகள் கையில் படாமல் ஒதுக்கி வையுங்கள். தீயில் மட்டும் போடாதீர்கள். விஷம் புகையாகவும் சாம்பலாகவும் திரும்பி வரும்.

ஏமாற வேண்டாம்

நம் வீட்டு இரும்புக்கு நாம் பொன் நிறம் பூசினால் அது அலங்காரம். அதையே பித்தளை என்று சொல்லி ஒருவர் விற்றால் அது மோசடி.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். இரும்பானால் காந்தம் ஒட்டும். பித்தளையில் ஒட்டாது. அடிப்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் நிறம் அங்கே தெரியும்.

பளபளப்பு கண்ணுக்கு நல்லது. அது பொருளுக்குப் பலம் தராது, விஷத்தை நீக்காது. பார்க்கும் பொருளுக்குப் பூசலாம். உண்ணும் பொருளுக்கும் குழந்தை கடிக்கும் பொருளுக்கும் பூசக் கூடாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொண்டால் போதும்.

அடுத்த போகிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். சாமான்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். உடைந்தது ஒரு பக்கம். மங்கியது ஒரு பக்கம். மங்கிய குவியலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து துடையுங்கள்.

தாத்தாவின் படம் மறுபடியும் கூடத்துக்கு வரட்டும்!