டீயில் போகும் சர்க்கரை, ஆசைப்படும் ஜாங்கிரி: 25 கிராம் கணக்கு சொல்வது என்ன?

காலை 7 மணி. செங்கல்பட்டை அடுத்த பரனூர் ரயில் நிலையம். மகேந்திரா சிட்டியில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது டீக்கடையைத்தான். "அண்ணா, ஒரு டீ... ஸ்ட்ராங்கா!" சர்க்கரை பற்றிப் பேச்சே வராது. எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமான அளவு விழுந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், போடுபவருக்கும் தெரியும்.

அதே ஆள், மதியம் ஆபீஸில் பிறந்தநாள் கேக்கை நீட்டினால், "வேணாம்பா, டயட்ல இருக்கேன்" என்பார். இரவு 11 மணிக்கு என்ன ஆகும்? போனில் குலாப் ஜாமூன் ஆர்டர் போகும். மறுநாள் குற்ற உணர்ச்சி, "இனிமே ஸ்வீட்டே கிடையாது" என்று ஒரு சபதம். மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை.

இனிப்பு ஆசையை அடக்க முடியாதது மன உறுதி இல்லாததாலா? கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு பதில் வருகிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், நோயின் அளவு. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடி பேர். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், அதாவது 'பார்டரில்' இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர். தேசிய சராசரி 11.4 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம்.

இரண்டாவது காரணம், விலை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், கேக் போன்றவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரை சேர்த்த கார்பனேட்டட் குளிர்பானங்கள் மட்டும் 40 சதவீத வரியில் இருக்கின்றன. பாட்டிலைப் பாவப்பட்டியலில் வைத்த அரசு, பிஸ்கட் பாக்கெட்டை அன்றாடத் தேவைப் பட்டியலுக்கு மாற்றியிருக்கிறது. உடலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டில் வரும் சர்க்கரையும் ஒரே கணக்கில்தான் சேரும்.

25 கிராம் எங்கிருந்து வந்தது?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது: ஒரு நாளில் நாம் எடுக்கும் மொத்த கலோரியில் கூடுதல் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஆக 25 கிராம், அதாவது தட்டையாக அள்ளிய 6 டீஸ்பூன்.

இந்தக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரை மட்டும் இல்லை. வெல்லம், தேன், சிரப், பழச்சாறு எல்லாமே வரும். முழுப் பழம் வராது. சாறு பிழியும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. நான்கு ஆரஞ்சை உரித்துத் தின்ன கால் மணி நேரம் ஆகும், ஜூஸாகக் குடிக்க ஒரு நிமிஷம் போதும்.

இப்போது அந்த ஷிப்ட் ஊழியரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 3 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தாலே 24 கிராம் ஆகிவிட்டது. டீயோடு 4 க்ரீம் பிஸ்கட், சுமார் 15 கிராம். மாலையில் சர்க்கரை போட்ட ஒரு கிளாஸ் ஜூஸ் அல்லது ரோஸ் மில்க், இன்னொரு 25 கிராம். மொத்தம் 64 கிராம். "இன்னிக்கு ஸ்வீட் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லையே" என்றுதான் சொல்வார். அது பொய்யும் இல்லை. ஆசைப்பட்டுச் சாப்பிட்ட இனிப்பு எதுவும் அதில் இல்லை.

சிக்கல் இங்கேதான். ஆசைப்படும் இனிப்போடு தினமும் சண்டை போடுகிறோம். ஆசையே இல்லாமல் உள்ளே போகும் சர்க்கரையைக் கண்டுகொள்வதில்லை.

மதியம் 4 மணிக்கு ஏன் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகிறது?

இதற்குப் பழக்கமும் காரணம், மதியச் சாப்பாடும் காரணம். ஐசிஎம்ஆர் ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்தே வருகிறது என்றது அது. நம் ஊர் தட்டில் அதற்கு வெள்ளைச் சோறு என்று பெயர். சோறு குவியலாகவும், பொரியல் ஒரு கரண்டியாகவும், பருப்பு தொட்டுக்கொள்ளும் அளவிலும் இருந்தால், ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறி வேகமாக இறங்கும்.

அந்த இறக்கம்தான் பசியைத் தூண்டுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்காவைச் சேர்ந்த 1,070 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. சாப்பிட்டு 2 முதல் 3 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை அதிகமாக இறங்கியவர்களுக்கு, சீக்கிரம் பசித்தது. அவர்கள் அந்த நாளில் கூடுதலாகவும் சாப்பிட்டார்கள்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 23 பேரை ஓர் இரவு முழுக்க விழிக்க வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் அவர்களுக்கு அதிக கலோரி உணவுகள் மீது ஆசை கூடியது. முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு மந்தமானது. சிறிய ஆய்வுதான். ஆனால், சிறுசேரியிலும் மறைமலை நகரிலும் நைட் ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்றால் பரவாயில்லையா?

செங்கல்பட்டு வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் (இது வரி இல்லை, ரோடு!) கும்பகோணம் டிகிரி காபி போர்டுகளுக்கு நடுவே கருப்பட்டி காபி, நாட்டுச் சர்க்கரை டீ போர்டுகளையும் பார்க்கலாம். 'வெள்ளைச் சர்க்கரை விஷம், இது மருந்து' என்ற நம்பிக்கையில் இரண்டு ஸ்பூன் சேர்த்துப் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கருப்பட்டியிலும் வெல்லத்திலும் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, நல்ல வாசனையும் உண்டு. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. கலோரியும் ஏறக்குறைய சமம். ஒரு ஸ்பூனில் கிடைக்கும் தாதுச்சத்துக்காக அதைக் கூட்டிப் போட்டால் நஷ்டம்தான். சுவைக்காகக் கருப்பட்டி காபி குடிக்கலாம், அதுவும் 25 கிராமுக்குள் வரும் என்று தெரிந்துகொண்டு.

'சுகர் ஃப்ரீ' வில்லைகள்? உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, அவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பாக்கெட்டைத் திருப்பினால் என்ன தெரியும்?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதிப்படி, பாக்கெட்டின் பின்பக்கத்தில் மொத்தச் சர்க்கரையும் கூடுதலாகச் சேர்த்த சர்க்கரையும் தனித்தனியாக அச்சிடப்பட வேண்டும். அங்கே தினசரித் தேவையில் இத்தனை சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். அந்தச் சதவீதம் 50 கிராமை அடிப்படையாக வைத்துப் போடப்படுகிறது. '20 சதவீதம்' என்று இருந்தால் 10 கிராம் என்று அர்த்தம். உங்கள் இலக்கு 25 கிராம் என்றால், அது 40 சதவீதம். அந்த எண்ணை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

அது ஒரு முறை சாப்பிடும் அளவுக்கான கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த அளவு 2 பிஸ்கட்டாக இருக்கலாம். இரண்டோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்?

எச்சரிக்கையை முன்பக்கத்திலேயே போட வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரலில், நிபுணர் குழு மூன்று மாதங்களில் பரிந்துரை தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு அவகாசம் நீட்டிக்கப்பட்டது. சிலி நாடு 2016லேயே இதைச் செய்தது. கறுப்பு எண்கோண முத்திரையோடு விளம்பரக் கட்டுப்பாடும், பள்ளிகளில் விற்பனைத் தடையும் சேர்ந்து வந்தன. அடுத்த ஒன்றரை ஆண்டில் அங்கே இனிப்பு பானங்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது. லேபிள் மாறினால் பழக்கமும் மாறும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஈ.சி.ஆர். வார இறுதியில் என்ன குடிக்கலாம்?

கோவளத்தில் இருந்து மாமல்லபுரம் வரை சாலையோரம் எல்லாமே 'இயற்கை' தான். ஆனால் எல்லாம் ஒன்று இல்லை. நுங்கில் பெரும்பகுதி தண்ணீர், சர்க்கரை குறைவு. இளநீரிலும் குளிர்பானத்தைவிடச் சர்க்கரை வெகு குறைவு. 2019 அக்டோபரில் ஐந்து ரதம் அருகே பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் குடித்தது அதைத்தான். கரும்புச் சாறும் பதநீரும் வேறு ரகம். 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் அல்லது அதற்கு மேலேயே சர்க்கரை இருக்கும். ஒரு பெரிய கிளாஸோடு அன்றைய 25 கிராம் முடிந்துவிடும். பதநீர் குடிக்கக் கூடாது என்பதில்லை. அன்றைக்கு அதுதான் உங்கள் ஸ்வீட்.

கடற்கரையில் நொறுக்குத் தீனிக்குத் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் இருக்கவே இருக்கிறது. நார்ச்சத்து, புரதம் இரண்டும் அதில் உண்டு.

அப்போ ஜாங்கிரி சாப்பிடலாமா?

சாப்பிடலாம், கணக்கை மாற்றினால். பழைய கணக்கில் ஒரு வாரத்துக்கு 64 × 7 = 448 கிராம். 25 கிராம் வரம்புப்படி ஒரு வாரத்துக்கு 175 கிராம். இப்போது டீயில் ஒரு ஸ்பூனாகக் குறைத்து, க்ரீம் பிஸ்கட்டையும் சர்க்கரை ஜூஸையும் விட்டால், நாளைக்கு 12 கிராம், வாரத்துக்கு 84 கிராம். வாரத்தில் இரண்டு நாள் பிடித்த இனிப்பு, ஒவ்வொன்றிலும் 25 கிராம் சர்க்கரை என்று வைத்தாலும் மொத்தம் 134 கிராம்தான். அந்த இரண்டு நாளில் மட்டும் வரம்பைக் கொஞ்சம் தாண்டும், வாரக் கணக்கில் உள்ளேயே நிற்கும். இனிப்பில் நெய்யும் மாவும் தரும் கலோரி தனி, அதனால் ஒன்றோடு நிறுத்த வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை சிலதான்:

டீக்கடையில் வாயைத் திறந்து கேளுங்கள். "சக்கரை கம்மியா" என்றால் எந்த மாஸ்டரும் கோபிக்க மாட்டார். ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் என்று குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

தட்டில் வரிசையை மாற்றுங்கள். காய்கறி, புரதம் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது, ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்ததாக 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் மட்டுமே நடந்த சிறிய ஆய்வு. ஆனாலும் பொரியலையும் மீனையும் முட்டையையும் முதலில் சாப்பிடச் செலவு எதுவும் இல்லை.

இனிப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள், உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுங்கள். பசியோடு, போனைப் பார்த்துக்கொண்டே, டப்பாவில் இருந்து நேரடியாகச் சாப்பிடும்போதுதான் ஒன்று நான்காகிறது. 4 மணி பசிக்கு மேஜையில் வேர்க்கடலையோ சுண்டலோ ஒரு பழமோ இருக்கட்டும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

எல்லா ஆசையும் வெறும் ஆசை இல்லை. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், சாப்பிட்டும் அடங்காத பசி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை வந்தால் 'பார்டர்' என்று பொருள். உணவையும் நடையையும் மாற்றினால், அந்தக் கட்டத்தில் இருந்து பலரும் திரும்பி வர முடிகிறது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அது இனிப்பு ஆசை இல்லை, ரத்தச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறி. அப்போது டயட் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டுவிட்டு, டாக்டரிடம் பேச வேண்டும்.

மற்றவர்களுக்கு முதல் படி ரொம்பச் சின்னது. நாளை காலை டீக்கடையில், "ஸ்ட்ராங்கா" என்று சொன்ன கையோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். மிச்சமாகும் சர்க்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஜாங்கிரி உண்டு.