உடலுக்குள் ஒரு நீர்ப்பங்கீடு

லக்கலவிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் சிறுபோக அறுவடைக் காலத்தில் காலை முதல் மாலை வரை வெயிலில் நின்று கூலிவேலை செய்பவர். வேலைத்தலத்தில் தேநீர் கிடைத்தால் அருந்துவார். தண்ணீர் குடிப்பது அரிது. பொழுதுசாயும் வேளையில் இடுப்புநோவும் தலையிடியுமாக வீடு திரும்பி, கடையில் வாங்கிய நோக்குளிசை இரண்டை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார். "சிறுநீர் கடுமஞ்சளாகச் சிறிதளவே போகிறது. கேட்டால் உடற்சூடு என்கிறார். அது வெறுஞ் சூடுதானா?" என்பது சகோதரியின் கேள்வி.

இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், காரணம் விளங்காத அறிவுரையை ஆண்மக்கள் செவியில் ஏற்பதில்லை என்பதனைக் குடும்பத் தலைவியர் நன்கறிவர். ஆகவே, உடலில் இரத்தம் பங்கிடப்படும் முறையையே இவ்வாரம் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

லக்கல மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் ஊறிவரும் களு கங்கையின் நீர், 2018 ஆம் ஆண்டில் அணைக்குப் பின்னே தேங்கத் தொடங்கியது. பழைய பல்லேகம நகரம் நீருள் மறைந்தது. மக்கள் புதிய நகருக்குக் குடிபெயர்ந்தனர். அந்நீரில் ஒரு பகுதி சுரங்கவழியாக மொரகஹகந்த நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து அம்பன் கங்கையின் நீரோடு எலஹெர வாய்க்காலிற் புகுந்து, மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய மின்னேரிக் குளத்துக்கும் அதற்கப்பாலும் செல்கிறது. எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் என்பதனைத் தீர்மானிப்பது ஆறன்று, துருசே. ஒரு துருசை அகலத் திறந்தால் மற்றொன்றை ஒடுக்கவேண்டும். எல்லாத் துருசுகளையும் ஒருங்கே திறந்துவிட்டால் எந்த வயலுக்கும் முறையாக நீர் பாயாது.

உடலின் நிலையும் இதுவே. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் உண்டு. ஓய்ந்திருக்கும்போது இருதயம் நிமிடமொன்றுக்கு அதே அளவை, அதாவது ஏறக்குறைய 5 லீற்றரை, வெளித்தள்ளுகிறது. உடலிலுள்ள இரத்தக் குழாய்கள் யாவும் ஒருங்கே விரிந்துவிட்டால் அவற்றை நிரப்ப இந்த இரத்தம் போதாது. அமுக்கம் வீழ்ந்து உயிருக்கே மோசம் நேரும். ஆகவே, பங்கீடு தவிர்க்கமுடியாததாகிறது.

இங்கே துருசின் வேலையைச் செய்பவை புன்னாடிகள். மயிரினும் நுண்ணிய இக்குழாய்களின் சுவரில் வட்டமாகத் தசை அமைந்துள்ளது. அது சுருங்கினால் வழி ஒடுங்கும், தளர்ந்தால் அகலும். குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால் அதனூடே பாயும் அளவு பாதியாகவன்றிப் பதினாறில் ஒன்றாகக் குறையும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்ட விதி இது. சிறிது ஒடுக்கினாலே பெருமளவு மாறுதல் உண்டாவது அதனாலேதான்.

துருசைத் திருகுபவர் யார்? ஒருவரல்லர். மூளையிலிருந்து கட்டளை கொண்டுவரும் பரிவு நரம்புகள் ஒருபுறம். 1851 இல் கிளோட் பேர்னாட் என்னும் பிரெஞ்சு அறிஞர் முயலொன்றின் கழுத்தில் அந்நரம்பை வெட்டியபோது, அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறிற்று. கட்டளை நின்றதும் துருசு தானே திறந்துகொண்டது. மறுபுறத்தில், ஒவ்வோர் உறுப்பும் தன் தேவையைத் தானே அறிவிக்கிறது. உழைக்கும் தசையில் ஒட்சிசன் குறைந்து, கழிவுப் பொருள்கள் மிகும்போது, அவையே அயலிலுள்ள புன்னாடிகளைத் தளர்த்திவிடுகின்றன. குழாய்களின் உட்படையிலிருந்து சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவும் அவற்றை விரிக்கிறது. அதனைக் கண்டறிந்த மூவருக்கு 1998 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

உறுப்புகள் யாவும் ஒரே குணமுடையன அல்ல. மூளை பிடிவாதமுள்ளது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள அது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் இரத்தத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும். சராசரி இரத்த அமுக்கம் 60 மில்லிமீற்றருக்கு இறங்கினாலும் 150 வரை ஏறினாலும், தன் துருசைத் தானே சரிசெய்து அந்த அளவைப் பெரிதும் மாறாது வைத்துக்கொள்ளும். இருதயமோ பிறருக்கு ஊட்டிவிட்டுப் பின்னர் உண்ணும் தாய் போன்றது. அதன் இடப்பக்கச் சுவர் தான் சுருங்கும்போதன்றி, தளரும்போதே பெரும்பாலும் இரத்தம் பெறுகிறது. நுரையீரல் நேர்மாறானது. மற்றைய உறுப்புகளில் ஒட்சிசன் குறைந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாகச் செல்ல, நுரையீரலில் அத்தகைய இடத்தின் துருசு மூடப்படும். காற்றுப் புகாத மூலைக்கு இரத்தத்தை அனுப்பிப் பயனில்லை அல்லவா?

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே நிறையுடையன. ஆயினும் இருதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. தம் பசிக்காக அவை இவ்வளவு கேட்பதில்லை, வடிப்பதற்காகவே கேட்கின்றன. நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு நீர் அங்கே வடிக்கப்படுகிறது. அதில் ஒன்றரை லீற்றர் போக எஞ்சியது மீண்டும் இரத்தத்தையே சேர்கிறது. இவ்வாறு தன் உணவுக்கு வேண்டியதைவிட மிகுதியாகப் பெறும் உறுப்பு என்பதனால், நெருக்கடி வந்தவுடன் உடல் முதலிற் கைவைக்கும் இடங்களுள் சிறுநீரகமும் ஒன்று. குடலும் அத்தகையதே. ஆயினும் குடலுக்கு வந்த குறை பசியின்மையோடு போகலாம். சிறுநீரகத்துக்கு வந்த குறை பலகாலம் வெளியே தெரியாது.

வெயிலில் நிற்கும் உழைப்பாளியின் உடலை எண்ணிப்பார்ப்போம். கதிர் அறுக்கும் தசைகள் இரத்தம் கேட்கின்றன. உட்சூட்டை வெளியேற்றத் தோலும் கேட்கிறது. குளிர்ந்த வேளையில் நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் குறைவாகப் பெறும் தோல், கடுஞ்சூட்டில் 7 அல்லது 8 லீற்றர் வரை பெறக்கூடியது. இதற்கிடையில் வியர்வையாக மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் நீர் போகலாம். குளம் வற்றுகிறது, கேட்கும் வயல்களோ பெருகுகின்றன. பரிவு நரம்புகள் குடலின் துருசையும் சிறுநீரகத்தின் துருசையும் ஒடுக்குகின்றன. உடல் நீரைச் சேமிக்க முயல்வதால் சிறுநீர் குறைந்து நிறம் கடுக்கிறது. மக்கள் "உடற்சூடு" என்று சொல்வது பெரும்பாலும் இதனையே.

இந்த நிலையிலும் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. வடிகட்டும் நுண்முடிச்சு ஒவ்வொன்றுக்கும் உள்வரும் குழாய் ஒன்று, வெளிச்செல்லும் குழாய் ஒன்று. நீர் வற்றும்போது, புறொஸ்டகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து உள்வாயிலை அகலத் திறந்துவைக்கிறது. வெளிவாயிலை அஞ்சியோதென்சின் என்னும் பொருள் ஒடுக்குகிறது. வரத்துக் குறைந்தாலும் வடிப்பதற்கு வேண்டிய அமுக்கம் இவ்வாறு காக்கப்படுகிறது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

மாலையில் விழுங்கும் நோக்குளிசை சென்று தாக்குவது இவ்வேற்பாட்டையே. இபுபுறோபன், டைக்குளோபினாக் முதலியவை நோவைத் தணிப்பது புறொஸ்டகிளாண்டின் உண்டாகாமற் தடுப்பதனாலேயே. அஸ்பிரின் இனத்து மருந்துகள் இவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை 1971 இல் ஜோன் வேன் எடுத்துக்காட்டினார். 1982 இல் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இடுப்பில் நோவை உண்டாக்கும் பொருளும் சிறுநீரகத்தின் வாயிலைத் திறந்துவைக்கும் பொருளும் ஓரினத்தன. குளிசைக்கு வேற்றுமை தெரியாது. நன்றாக நீர் அருந்தி ஓய்ந்திருப்பவருக்கு அதனால் பெரிய தீங்கு நேர்வது அரிது. நாள் முழுதும் வியர்த்து வற்றியவருக்கோ, திறந்திருந்த கடைசி வாயிலும் அன்று மூடிக்கொள்கிறது. இரத்த அமுக்கத்துக்கு மருந்து எடுப்பவராயின் அபாயம் மேலும் கூடும்; ஆனால் அம்மருந்தைத் தாமாக நிறுத்தாது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

நாம் இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1990 களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே, நீரிழிவோ இரத்த அமுக்கமோ இல்லாமலே சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கும் நோயொன்று காணப்பட்டது. மாத்தளை மாவட்டத்திலே, லக்கலவுக்கு அயலிலுள்ள வில்கமுவவும் அந்நோய் கண்ட பிரதேசங்களுள் ஒன்று. நிலத்தடி நீர், விவசாய இரசாயனங்கள் எனப் பலவற்றின்மேலும் ஐயம் உண்டு; உடல் நீர்வற்றி வெயிலில் உழைப்பதும் அவற்றுள் ஒன்று. ஒன்றே காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. மத்திய அமெரிக்காவின் நிகராகுவா, எல் சல்வடோர் நாடுகளில் கரும்பு வெட்டுவோரிடையிலும் இதனையொத்த நோய் பரவியிருக்கிறது. அங்கே தோட்டங்கள் சிலவற்றில் நிழற்பந்தலும் இடைக்கிடை ஓய்வும் தண்ணீரும் வேலையின் பகுதியாகவே ஆக்கப்பட்டுள்ளன. நம் வயல்களில் இதனை யாரும் ஏற்பாடு செய்து தரப்போவதில்லை என்பதனால், பொறுப்பு வீட்டுக்கு வருகிறது.

சகோதரி அவர்கள் கணவர் புறப்படும்போதே நல்ல நீரை, கொதித்தாறியதாயினும் வடித்ததாயினும், பெரிய போத்தலில் கொடுத்தனுப்பலாம். தாகம் எடுக்குமுன்னரே, அரைமணிக்கொருமுறை சிறிது சிறிதாகக் குடிப்பது நன்று. உப்பிட்ட கஞ்சியும் மோரும் ஏற்றவை. செவ்விளநீரும் நல்லதே, ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு அது ஆகாது, அவர் குடிக்கும் நீரின் அளவையும் மருத்துவரே கூறவேண்டும். நோவுக்கு வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தடவலும் முதலில். குளிசை வேண்டுமாயின், மேற்சொன்ன இனத்தைச் சேராத பரசிற்றமோல், அதுவும் அளவோடு. நீர் நன்றாகக் குடித்தபின்னும் சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால் தசை சிதைந்திருக்கவும் கூடும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இரத்தத்திற் கிரியேற்றினின் அளவையும் சிறுநீரில் அல்புமினையும் பார்த்தால் சிறுநீரகத்தின் நிலை தெரியும். நோய் முற்றும்வரை வேறு அடையாளம் இராது என்பதனால், அடுத்த அறுவடை தொடங்குமுன் அவரை ஒருமுறை அழைத்துச் சென்று இவ்விரண்டையும் பார்த்துவிடுக.