ஓய்வுக்காலக் குடியிருப்புகள்: நம்மவர்களுக்கு எட்டுமா?

மலேசியாவில் 2030ஆம் ஆண்டுவாக்கில் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பர் எனக் கணிக்கப்படுகிறது. இதையொட்டி ஓய்வுக்காலக் குடியிருப்புகளும் எழத் தொடங்கியுள்ளன. ஈப்போவின் கிரீன்ஏக்கர்ஸ், கூச்சிங்கின் ஈடன்-ஆன்-தி-பார்க் ஆகியவை பலரும் அறிந்தவை.

இத்தகைய திட்டங்களின் முழு வடிவத்தில் மூன்று படிகள் உண்டு. நடமாட்டம் உள்ளவர் தனி வீட்டில் தம் விருப்பப்படி வாழ்வார். குளிக்க, மருந்து சாப்பிடத் துணை தேவைப்பட்டால் உதவியாளர் உள்ள பகுதிக்கு மாறுவார். படுக்கையில் விழுந்தாலோ மறதிநோய் முற்றினாலோ தாதியர் பராமரிப்புக்குப் போவார். உடல்நிலை மாறும்போதெல்லாம் புது இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு?

ஊழியர் சேமநிதி வாரியம் 2019 முதல் பல ஆண்டுகள் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பாக வைத்திருந்த தொகை 240,000 வெள்ளி. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுகளுக்கு வரும் என்பது கணக்கு. பராமரிப்புக் கட்டணம் மாதம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதே பணம் ஆறு ஆண்டு எட்டு மாதங்களில் தீர்ந்துவிடும். அந்தத் தொகையையே எட்டாதவர்கள் நம்மில் ஏராளம். தோட்டத்தில் உழைத்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை முடிந்தால் தோட்டக் குடியிருப்பையும் விட்டு வெளியேற வேண்டும்.

அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள், 60 வயதாகி, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக்கூடிய, ஆதரவற்றவர்களுக்கானவை. தீராத நோயுடன் ஆதரவின்றி இருப்போருக்கு ரூமா எஹ்சான் உண்டு. அது கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் மட்டுமே உள்ளது.

நம் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை. பிள்ளைகள் இருப்பதால் அரசாங்க இல்லத்தில் இடமில்லை. தனியார் இல்லத்துக்குப் பணமில்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போக, மின்தூக்கி இல்லாத மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் மாடியில் அப்பாவோ அம்மாவோ பகல் முழுதும் தனியே இருக்கிறார். கீழே விழுந்தால் மாலையில்தான் தெரியும்.

வசதியுள்ளவர்கள் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். நடமாட முடியாமல் போனால் அடுத்த படியில் இடம் உறுதியா, அல்லது 'காலி இருந்தால்' மட்டுமா? அப்போது கட்டணம் எவ்வளவு ஏறும்? இறந்தாலோ வெளியேறினாலோ முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா? வாய்மொழி உறுதி போதாது. ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழ் பேசும் பராமரிப்பாளர் உண்டா என்பதையும் கேளுங்கள். மறதிநோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மலாயும் ஆங்கிலமும் முதலில் நழுவிப்போய், தாய்மொழி மட்டுமே மிஞ்சுவது உண்டு. "வலிக்கிறது" என்று சொன்னால் புரிந்துகொள்ள அங்கே ஒருவர் வேண்டும்.

மற்றவர்களுக்கு உடனடித் தேவை பகல்நேரப் பராமரிப்பு. வார நாள்களில் பூட்டிக் கிடக்கும் ஆலய மண்டபங்கள் நம்மிடம் உள்ளன. மதிய உணவு, இரத்த அழுத்தச் சோதனை, பேச்சுத்துணை ஆகியவற்றோடு தொடங்கலாம். நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை முறையாகப் பராமரிக்கும் மையம் சமூகநல இலாகாவிடம் பதிவு பெற வேண்டும் என்பதை நிர்வாகங்கள் மறக்கக்கூடாது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே கதவை மூடாமல், குடும்ப வருமானத்துக்கு ஏற்பப் பகுதிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் தரும் இல்லங்கள் வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் நம்மவர்கள் இதை முதலில் கேட்கட்டும்.