கூழும் கொழுக்கட்டையும்

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்குப் பாட்டைப் போன்ற துணை வேறில்லை என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், பாட்டைக் கொண்டு எதைக் கற்பிக்கிறோம் என்று வினவினால், உச்சரிப்பு, ஓசை, மனனம் என்ற அளவிலே நம்மவருட் பலர் நின்றுவிடுகின்றனர்.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலே தமிழ் படித்தவர்களுள் அதனை அறியாதார் அரியர். 'தங்கத் தாத்தா' என்று அன்போடு போற்றப்படும் அப்புலவர், விடுமுறையின் குதூகலத்தை மட்டுமா பாடினார்? கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் முறையையுமல்லவா சொல்லி வைத்தார்! பயறு வறுப்பது, மா இடிப்பது, தேங்காய் துருவுவது என்று ஓர் அடுக்களை முழுவதும் அப்பாட்டினுள்ளே இயங்குகிறது.

அதில் வரும் வினைச்சொற்களைக் கவனித்தல் வேண்டும். தெள்ளுதல் என்பதற்கு அகராதியிற் பொருள் காணலாம். ஆனால் புடைத்தல் வேறு, அரித்தல் வேறு, தெள்ளுதல் வேறு என்பதைச் சுளகு பிடித்த கையன்றோ காட்டவேண்டும்? பனங்கட்டியும் அவ்வாறே. 'ஒருவகைச் சர்க்கரை' என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடும். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கியிராது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, பனையோலைக் குட்டானில் வார்த்தெடுப்பது என்று கூறினால், ஒரு சொல்லோடு பனையும் ஏறுவோர் தொழிலும் குட்டான் இழைக்கும் பெண்களின் கைவண்ணமும் சேர்ந்து வந்துவிடும். கூழ், கொழுக்கட்டை, வாழைப்பழம் என்று ழகரம் நாவிற் படிவது இவற்றோடு கிடைக்கும் மேலதிக இலாபம்!

புலவரின் மற்றொரு பாட்டு, கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியது. வெருளுதல் என்றால் அஞ்சுதல்; அஞ்சச் செய்வது வெருளி. தோட்டமே கண்டிராத பிள்ளைக்குப் பழைய சட்டை மாட்டிய வைக்கோல் உருவத்தைப் படத்திலாவது காட்டிவிட்டுப் பாடத் தொடங்குவதே முறை. காட்டாமற் பாடுவித்தால், புலவர் செய்யும் கேலி கேலியாகவே தோன்றாது.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டின் பின்னர் நம் குடும்பங்கள் எண்ணிறந்தவை கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் குடியேறிவிட்டன. அங்கே வார இறுதித் தமிழ் வகுப்புக்களில் பிள்ளைகள் இப்பாட்டுக்களை மேடையேறி அழகாகவே பாடுகின்றனர். கைதட்டலும் பரிசும் கிடைக்கின்றன. கீழே இறங்கியதும், கூழ் குடிப்பதற்குப் பிலாவிலை எதற்கு என்று கேட்டால் விழிக்கின்றனர். குறை பிள்ளைகளுடையதன்று. இலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, கரண்டிக்குப் பதிலாகப் பிடிக்கும் வகையை அவர்களுக்கு எவரும் செய்து காட்டவில்லை. பிலா வளராத நாட்டிலே தடித்த தாளொன்றை மடித்துக் காட்டினாலும் போதுமே! கொழும்பு அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளின் நிலையும் இதனின்று அதிகம் வேறுபட்டதன்று.

இன்னுமோர் இடர். ஆடி முதல் நாள் யூலை நடுப்பகுதியில் வருவது. கனடாவில் அதற்கு முன்னரே பாடசாலைகள் கோடை விடுமுறைக்கு மூடப்பட்டுவிடும். ஆகவே ஆசிரியர் பாட்டை வேறொரு மாதத்திற் கற்பிக்கின்றார்; பண்டிகை வரும்போது வகுப்பு இருப்பதில்லை. அப்பொறுப்புத் தாய்மாருக்கே உரியதாகிறது. வறுத்த பயறும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் இன்று எந்த நகரத்திலும் கிடைப்பனவே. பனங்கட்டியை ஊரிலிருந்து வருவோரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மாவைக் கிள்ளித் தட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். வடிவு சிறிது கோணினாலென்ன? நவாலியிலோ நல்லூரிலோ இருக்கும் அம்மம்மாவைத் தொலைபேசியில் முகம் தெரிய அழைத்து, அடுப்படியில் நிறுத்தி, கூழ் பதமாகும் வரையில் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். அங்கும் இங்கும் நேரம் வேறு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!